சுவர் காயட்டும்

சுவர் காயவில்லை என்றால் காயவில்லைதான். அதன் முன்னால் நின்று யார் கத்தினாலும் ஒரு நிமிஷம் முன்னதாகக்கூட அது காயப் போவதில்லை. இந்த ஒன்றைச் சொல்லிப் புரியவைக்க நான் வேலந்தாவளத்திலிருந்து சக்குபள்ளம் வரை மலையேறிப் போய்ச் சண்டை போட வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே சம்பந்தி வீட்டில் சண்டை போட்ட பொம்பளை என்று இன்று இரண்டு ஊரிலும் எனக்குப் பெயர். இருக்கட்டும். அந்தப் பெயரால் எனக்கு ஒரு வேளைச் சோறும் இறங்காமல் போனதில்லை.

நான் ரஸியா. வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் பிளைவுட் கடை. வெளியே பெயர்ப் பலகையில் இருப்பது என் வீட்டுக்காரர் அஷ்ரஃபின் பெயர்; உள்ளே பேச்சு என்னுடையது. அவர் வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாத மனிதர். பலகை எடுக்க வருகிறவர்களிடம், “எந்தச் செவுத்துல மாட்டப் போறீங்க? அந்தச் செவுரு எப்பப் பூசினது? பக்கத்துல குளியலறை இருக்குதுங்களா?” என்று நான் கேட்கிற கேள்விக்குப் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். பிளைவுட்டானாலும் சரி, மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையானாலும் சரி, ஈரம் குடித்து ஊதிவிட்டால் மாட்டியவன் பெயர் கெடாது. விற்றவள் பெயர்தான் கெடும்.

ஜெஸ்னா எங்களுக்கு ஒரே மகள். கொழிஞ்சாம்பாறையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஏலக்காய் மலையில், சக்குபள்ளத்தில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை ஜாகிர். அவன் அத்தா ஜப்பார் ஏலக்காய் வியாபாரி. காய் உலர்த்துகிற கட்டடமும் சொந்தமாக உண்டு, அதை அந்தப் பக்கம் ஸ்டோர் என்பார்கள். ஜாகிர் தாயில்லாப் பிள்ளை. ஜப்பாரின் அக்கா சபியாதான் அவனை வளர்த்தது. முறைக்கு அத்தை, ஆனால் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். அந்த வீட்டில் சபியா வைத்ததுதான் சட்டம். பையன் நல்லவன்தான், ஆனால் பெரியம்மா எதிரில் அவனுக்கு வாய் திறக்காது. முதல் நாளே நான் அதைக் கவனித்தேன். ஜெஸ்னாவும் கவனித்திருந்தாள்.

“பேச வெச்சுக்கலாம்மா” என்றாள். அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது, வேறென்ன.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை வீட்டில் மணமக்களுக்கு விடுகிற அறையைப் பெண் வீட்டார்தான் நிரப்ப வேண்டும். கட்டில், அலமாரி, கண்ணாடி எல்லாம். கல்யாணத்தன்று பிரியாணி தின்ற கையைக் கழுவியதும் பெண்கள் கூட்டமாக அந்த அறையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கதவைத் திறந்து மூடுவார்கள், முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள், மெத்தையை அமுக்குவார்கள். அங்கே விழுகிற ஒரு சொல் பெண்ணோடு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். என் நாத்தனார் ரமீஜாவுக்குப் பேரன் பிறந்துவிட்டான். கல்யாணத்தன்று கட்டிலின் ஒரு கால் ஆடிற்று என்பதற்காக இன்றைக்கும் அவள் புகுந்த வீட்டில் ‘ஆட்டக்கட்டில்காரி’தான். என் மகளுக்கு அப்படி ஒரு பெயர் விழக்கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை.

ஜப்பார் மாடியில் புதிதாக ஓர் அறை எழுப்பியிருந்தார். ஜூலையில் நானும் எங்கள் தச்சர் பிச்சைமணியும் அளவெடுக்கப் போனோம். அங்கே மழை விட்டால் மூட்டம், மூட்டம் விட்டால் மழை. எங்கள் ஊரில் மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று அடிக்கிற நாளில், கொடியில் கடைசித் துணியைப் போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிடும். அங்கே நேற்றுப் போட்ட துண்டை இன்றைக்கும் பிழியலாம். அறைக்குள் போனதுமே சிமென்ட் வாசனை மூக்கில் ஏறியது. சுவரில் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்றிருந்தது. பிச்சைமணி என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் எல்லோரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். தாளின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது.

“மழைத் தண்ணி இல்லீங்கண்ணா, செவுத்துக்குள்ள இருந்து வந்தது. இதுல அலமாரியை ஒட்டி வெச்சா முதுகு வழியா ஈரம் குடிக்கும். கொஞ்ச நாள்ல பூஞ்சக்காளான் புடிச்சு நாறிப்போகும்” என்றேன்.

ஜப்பார் தலையைச் சொறிந்தார். சபியாவுக்குத்தான் ரோஷம் வந்துவிட்டது.

“பூசி ஒரு மாசமாச்சு. இன்னும் என்ன காயணுமாம்? இந்த ஊருல பூசுன கையோட யாரும் அலமாரி மாட்டலையாக்கும்?”

“மாட்டியிருப்பாங்க அக்கா. அதைத் தொறந்து ஒருக்கா மோந்து பாருங்க.”

“கல்யாணத்தன்னைக்கு அறை மொட்டையாக் கெடந்தா வர்றவக என்ன சொல்லுவாக?”

“செவுரு காயலைன்னு சொல்லுவாங்க.”

“ஆமா, சொல்லுவாக! பொண்ணு வீட்டுக்காரக கைய விரிச்சுட்டாகன்னு சொல்லுவாக.”

கடைசியில் ஜப்பார்தான் நடுவில் வந்தார். சாமான் வீடு வந்து சேரட்டும், சொந்தக்காரர்களிடம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், சுவர் காய்ந்தபின் மாட்டிக்கொள்ளலாம் என்றார். எனக்கு அரை மனசுதான். ஆனால் சம்பந்தி ஒரு படி இறங்கி வரும்போது நானும் ஒரு படி இறங்கத்தானே வேண்டும். சரி என்றேன்.

அந்த அலமாரியைப் போல ஒன்றை என் கடையில் யாருக்கும் செய்ததில்லை. கூடு முழுக்கக் கொதிக்கும் தண்ணீரைத் தாங்குகிற பிளைவுட். கதவுகள் மட்டும் எம்.டி.எஃப்.; வழுவழுப்பாக வேண்டும், மயில் நீலத்தில் வேண்டும் என்று சபியா கேட்டிருந்தார், அதற்கு அதுதான் தோதுப்படும். அறுத்த விளிம்பு வழியாகத்தான் பலகை தண்ணீர் குடிக்கும் என்பதால் விளிம்புக்கெல்லாம் என் கையாலேயே பிரைமர் அடித்தேன். கீல் மாட்டுகிற குழிகளை மட்டும் பூசாமல் விட்டோம், இடத்தில் வைத்துத்தான் அதைச் சரிபார்த்துத் தோண்டி முடிக்க முடியும். பிறகு எல்லாவற்றையும் பிளாஸ்டிக்கில் சுற்றி லாரியேற்றினோம். இறக்குகிற அன்று நானே போய்க் கீழ் ஹாலில் ரீப்பர் கட்டைகளைச் சமமாகப் பரப்பி, அதன்மேல் கதவுகளைப் படுக்கவைத்தேன். ஜாகிரைக் கூப்பிட்டேன்.

“இதை இங்கிருந்து நகத்தக் கூடாது. மாட்டற அன்னிக்கு வரைக்கும் யாரும் பிளாஸ்டிக்கைக் கிழிக்கக் கூடாது. புரிஞ்சுதா கண்ணு?”

“சரிங்க மாமி” என்றான். எவ்வளவு அழகாகத் தலையாட்டினான்!

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளே இருக்கும்போது சபியாவிடமிருந்து போன் வந்தது. சலாம்கூடச் சொல்லவில்லை.

“என்னம்மா சாமான் அனுப்பிருக்க? கதவெல்லாம் டீயில ஊறுன பன்னு மாதிரி ஊதிக் கெடக்கு. பாக்க வந்தவக சிரிச்சுட்டுப் போறாக. ஊருக்கெல்லாம் பலகை விக்கிறவ, பெத்த மகளுக்கு மட்டப் பலகையத் தள்ளிவிட்டுட்டா பாருன்னு என் காதுபடவே சொல்றாக!”

அடுத்து அந்த அம்மாள் சொன்னதெல்லாம் எனக்குக் காதில் விழவில்லை. மட்டப் பலகை என்ற சொல்லிலேயே ரத்தம் தலைக்கேறிவிட்டது.

அஷ்ரஃப் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். “போனாப் போவுது ரஸியா. வேற செஞ்சு அனுப்பிச்சரலாம். பொண்ணு குடுக்கற எடத்துல நாமதான் தணிஞ்சு போகோணும்.”

“தணிஞ்சு போலாமுங்க, பொய்க்குத் தணிய முடியாது” என்றேன். “வேற அனுப்பினா, மொதல்ல அனுப்பினது மட்டம்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி. நாளைக்கு ஜெஸ்னா போட்ட டீ ஆறிப்போனாக்கூட, உங்கம்மா அனுப்பின பலகை மாதிரியே இருக்குதுன்னு சொல்லுவாங்க. ரமீஜாவுக்குக் கட்டில் கால், இவளுக்குக் கதவா? நான் உசுரோட இருக்கறப்ப நடக்காது.”

ஜெஸ்னா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். லேபுக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நான் வேண்டாம் என்றேன், கல்யாணம் ஆகாத பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் பஞ்சாயத்துக்கு வருவாளா என்றேன்.

“என்னைப் பத்தின பஞ்சாயத்துதானம்மா” என்று ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கம்பம்மெட்டு ஏறி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜப்பார் வீட்டு ஹாலில் சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பலகை வைத்த இடம் காலியாக இருந்தது.

“கதவுக எங்கீங்க அக்கா?”

“ஸ்டோர்ல” என்றார் சபியா. “ஹாலை அடைச்சுக் கெடந்துச்சு. சக்குபள்ளத்துலயே காஞ்ச எடம் எங்க ஸ்டோருதான். மழைக்காலத்துல நாங்க உடுத்துற துணியவே அங்கதான் காயப் போடுவோம். அதைவிட நல்ல எடத்துல வைக்க முடியுமா?”

நான் நேராக ஸ்டோருக்கு நடந்தேன். கூட்டமும் பின்னாலேயே வந்தது. கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனையோடு வெந்நீர் அறைக்குள் நுழைந்ததுபோல ஆவி முகத்தில் அடித்தது. உலர்த்துகிற அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த ஆவி வெளியேறுகிற திறப்புக்கு நேர் எதிரில் என் மகளின் அலமாரிக் கதவுகளைச் சுவரில் சாய்த்து அடுக்கியிருந்தார்கள். முன்னால் இருந்தவற்றின் பிளாஸ்டிக் நடுவில் பிளேடால் கீறி, இரண்டு பக்கமும் திரைச்சீலை மாதிரி விலக்கிவிடப்பட்டிருந்தது. கீல் குழிகளைச் சுற்றிப் பலகை பொங்கி, மயில் நீலம் வெடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. யா அல்லா! கலரைப் பார்க்கிறோம் என்று கிழித்து, காய்ந்த இடம் என்று கொண்டுவந்து ஆவியில் வேகவைத்திருக்கிறார்கள்! இந்த மாதிரி ஒரு காரியத்தை ஏலக்காய்க்காரர்கள் மட்டும்தான் செய்ய முடியும்.

“ஜப்பாரண்ணா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க” என்றேன். “பச்சைக் காய் அஞ்சு மூட்டை உள்ள போட்டா, காய்ஞ்சு எத்தனை மூட்டை வெளிய வரும்?”

“ஒரு மூட்டை வரும்” என்றார்.

“மிச்ச நாலு மூட்டை எங்கீங்கண்ணா போச்சு?”

அவர் ஆவித் திறப்பைப் பார்த்தார், கதவுகளைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் விடுவேனா? பின்னால், கிழிக்காத பிளாஸ்டிக்கோடு இருந்த கதவுகளை அஷ்ரஃபை விட்டு வெளியே இழுக்கச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் நானே பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். ஒரே லாரியில், ஒரே பலகையில் அறுத்து வந்தவை. விளிம்பு கத்தி மாதிரி நேராக இருந்தது.

“தடவிப் பாருங்க அக்கா. எது மட்டம்? பலகையா, வெச்ச எடமா?”

சபியா தடவவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வந்திருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான இருக்கு” என்று முணுமுணுத்தாள். சபியா முறைத்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

ஜப்பார் என்னையும் அஷ்ரஃபையும் ஓரமாகக் கூட்டிப்போனார். நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதர்கள்தான் இப்படி மோசமாகச் சமாதானம் பேசுவார்கள்.

“தப்பு எங்க பேர்லதான், ஒத்துக்கிடுறேன் தங்கச்சி. புதுக் கதவு நானே செஞ்சுக்கிடுறேன். ஆனா அக்கா ஊரெல்லாம் பொண்ணு வீட்டுச் சாமான் சரியில்லைன்னு சொல்லிருச்சு. இப்ப மாத்திச் சொன்னா அது தலை குனியணும். நீ ஒரு வார்த்தை மட்டும் சொல்லிரு, பலகைக் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்னு. கதை முடிஞ்சுபோகும்.”

அஷ்ரஃப் தலையாட்டத் தொடங்கியிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்” என்றேன். மெதுவாகப் பேசுவதற்காகத்தான் ஓரமாகக் கூட்டிவந்தார், எனக்கு மெதுவாக வரவில்லை. “அக்கா தலை குனியக் கூடாது, அதுக்கு என் மக ஆயுசுக்கும் குனியோணும், அப்படித்தானுங்களா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க எங்கிட்ட அவ்வளவு சோறு இல்லீங்கண்ணா. பலகை நல்ல பலகை. அதை எங்க வேணும்னாலும், யாரு முன்னால வேணும்னாலும் சொல்லுவேன்.”

“அப்ப கல்யாணம்?” என்று பின்னாலிருந்து கேட்டார் சபியா. மிரட்டலாகத்தான் கேட்டார்.

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவளுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. நான் ஜெஸ்னாவைப் பார்த்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, சபியாவையும் பார்க்கவில்லை. ஏலக்காய்ச் சாக்குகளுக்குப் பக்கத்தில் அடுக்கின சாக்கோடு சாக்காக நின்றுகொண்டிருந்த ஜாகிரிடம் போனாள்.

“பிளாஸ்டிக்கை யாருங்க கிழிச்சது?”

அவன் தரையைப் பார்த்தான்.

“எனக்குத் தெரியும். கலரு எல்லாருக்கும் புடிச்சிருக்குதுன்னு நீங்கதான போன்ல சொன்னீங்க. ஆனா யாருன்னு இங்க நான் சொல்ல மாட்டேன். உங்க வாயில இருந்து வரோணும். இப்ப வரலீன்னா, நான் இதே ஜீப்புல திரும்பிப் போயிருவேன். அப்புறம் யாரும் எனக்குப் பத்திரிகையைக் காட்ட வேண்டாம்.”

சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். போச்சு, இந்தப் பிள்ளை பேசாது, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டேன்.

“நான்தான்” என்றான் ஜாகிர்.

“ஏலே, சும்மா இரு” என்றார் சபியா.

“இல்ல பெரியம்மா. நீங்க கலரைக் காட்டச் சொன்னீக, நான்தான் பிளேடால கீறுனேன். கிழிக்கக் கூடாதுன்னு மாமி சொன்னது ஞாபகம் இருந்துச்சு. இருந்தும் கீறுனேன். இங்கன தூக்கியாந்து வச்சதும் நான்தான்.” பிறகு அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினான். “பலகையில ஒரு குத்தமும் இல்ல. எங்க மேலதான் குத்தம்.”

சபியா அவனை அறைந்துவிடுவாரோ என்று பார்த்தேன். அந்த அம்மாள் மளமளவென்று வீட்டுக்குள் போய்விட்டார். ஜப்பார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, இப்ப கதவுக்கு என்ன செய்யிறது?” என்று கேட்டார். மாடிச் சுவரில் ஒரு பக்கத்தை மட்டும் சூடு காட்டிக் காயவைத்து, அவசரமாக எதையாவது மாட்டிவிடலாமா என்றும் கேட்டார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜெஸ்னாதான் பதில் சொன்னாள். “ஒண்ணும் மாட்ட வேண்டாமுங்க மாமா. செவுரு காயட்டும். நான் மொட்டை அறைக்கே வர்றேன்.” ஜாகிரைப் பார்த்தாள். “ஏன் மொட்டையா இருக்குதுன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நீங்கதான் பதில் சொல்லோணும். எங்கம்மா இல்லை.”

கெட்டியாக இருந்த கதவுகளையும் கூட்டையும் நாங்கள் லாரி வரவழைத்துத் திருப்பி எடுத்துக்கொண்டு போனோம். காய்ந்த ஊர்ச் சாமான் காய்ந்த ஊரிலேயே இருக்கட்டும்.

கல்யாணம் ஆகஸ்ட் கடைசியில், குமுளியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாஷா அல்லா, குறை ஒன்றுமில்லை. சாப்பாடு முடிந்ததும் வழக்கப்படி பெண்கள் ஜீப்பு ஜீப்பாக ஜப்பார் வீட்டுக்கு வந்து மாடியேறினார்கள். அறையில் ஒரு கட்டில், அதன்கீழ் ஜெஸ்னாவின் துணி வைத்த தகரப் பெட்டி. அவ்வளவுதான். எதிர்ச் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாள். முந்தின நாள் ஜாகிரை விட்டு ஒட்டச் சொல்லியிருக்கிறாள் என் மகள்! உள்ளே தண்ணீர் கோத்து, பார்க்கிறவர்கள் கண்ணில் படும்படி சொட்டிக்கொண்டிருந்தது. ஜாகிர் கல்யாணச் சட்டையோடு வாசலில் நின்று, ஏறி வருகிற ஒவ்வொரு கூட்டத்திடமும், “அலமாரி வந்துச்சு, நான்தான் கெடுத்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவனுக்குக் காது சிவந்திருந்தது, ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை. அன்றைக்குத்தான் அவனை என் மருமகன் என்று மனசார நினைத்தேன்.

கம்பத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய வாய்க்காரி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள். சபியா கட்டில் ஓரத்தில் உம்மென்று உட்கார்ந்திருந்தார்.

“என்னக்கா, பொண்ணு வீட்டுல ஒண்ணுமே போடலையா?”

இதற்குத்தானே நான் இத்தனை நாளும் பயந்தது. சபியா என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், பார்வையைத் தாழ்த்தவில்லை. ஜெஸ்னா கல்யாணப் புடவையோடு எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, பிளாஸ்டிக் தாளுக்குப் பக்கத்தில் வெறும் சுவரில் வைத்தாள். சில்லென்றதும் அந்த வாய்க்காரி கையை உதறினாள்.

சபியா எழுந்துவிட்டார்.

“கண்ணு அவிஞ்சு போச்சாடி ஒனக்கு? சுவரு காயல! காஞ்சதும் மாட்டுவாக, அதுக்குள்ள என்ன அவசரம்?”

நான் விடுவேனா?

“அதைத்தானுங்க அக்கா, ஜூலையில இருந்து நானும் சொல்லிட்டிருக்கேன்” என்றேன், படியில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி.